சேனலா, சூடா? பேட்ச் கிளாம்ப் பதிவுகளில் வெப்பநிலைக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

மெல்லிய கண்ணாடிப் பைப்பெட்டைச் செல் சவ்வில் இறுக ஒட்டி (அந்த ஒட்டுதான் சீல்), அயனிச் சேனல்கள் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளப்பது பேட்ச் கிளாம்ப். அந்தப் பதிவு ஒத்துவராமல் போனால் நாம் முதலில் செல்லைச் சந்தேகப்படுகிறோம், அடுத்து மருந்தை, அப்புறம் ஆம்ப்ளிஃபயரை. பாத்தின், அதாவது செல் மூழ்கியிருக்கும் கரைசலின், வெப்பநிலை அந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. முதலில் வர வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. செல் சவ்வில் இருக்கும் அயனிச் சேனல்கள் வெப்பநிலைக்குக் காட்டும் பதில் பெரியது. அந்தப் பதில் மற்ற கோளாறுகளின் சாயலிலேயே வருவதால் அடையாளம் காண்பதும் கடினம்.

எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: சூடு எல்லாவற்றையும் ஒரே அளவில் மாற்றுவதில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது ஒரு வேகம் எத்தனை மடங்காகிறது என்பதைக் கியூ10 என்கிறோம். திறந்த சேனலின் துளை வழியே அயனி ஓடுவது ஏறக்குறைய தண்ணீரில் அயனி பரவுவது மாதிரிதான். அதன் கியூ10 பொதுவாக 1.3 முதல் 1.5 வரை. அதே சேனலின் கதவு திறந்து மூட வேண்டுமானால் புரதமே வடிவம் மாற வேண்டும். அதற்கான ஆற்றல் தடை உயரம் என்பதால் கியூ10 பெரும்பாலும் 2 முதல் 4 வரை இருக்கும். ஆற்றல் கணக்கில் பார்த்தால், அறை வெப்பநிலையை ஒட்டி 1.4 என்பது மோலுக்குச் சுமார் 25 கிலோஜூல். 3 என்பது சுமார் 81 கிலோஜூல். டிஆர்பிவி1 போன்ற வெப்ப உணர்வுச் சேனல்களில் கியூ10 20-ஐயும் தாண்டும்.

இப்போது 22 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குப் போங்கள். கியூ10 1.4 என்றால் துளை வழியே ஓட்டம் சுமார் 1.7 மடங்கு. கியூ10 3 என்றால் கதவின் வேகம் சுமார் 5.2 மடங்கு. ஒரே புரதத்துக்குள் இரண்டு வேலைகள், இரண்டு வேறு விகிதங்கள். ஆகவே "சூடாக்கினால் எல்லாம் கொஞ்சம் வேகமாகும்" என்று மொத்தமாக நினைத்துக்கொண்டு பதிவைப் படித்தால் தவறான இடத்தில் போய் நிற்போம்.

தொடங்கும் முன்: செல் இருக்கும் இடத்தில் சூடு எவ்வளவு?

ஹீட்டர் கன்ட்ரோலரின் திரையில் தெரியும் எண், தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரி) முனை இருக்கும் இடத்தின் வெப்பநிலை. செல் அங்கே இல்லை. கரைசல் ஹீட்டரிலிருந்து குழாய் வழியே வரும்போது ஆறுகிறது. பாத்தின் மேற்பரப்பில் ஆவியாகி ஆறுகிறது. இவற்றைவிட முக்கியமானது, தண்ணீரில் மூழ்கியிருக்கும் நுண்ணோக்கி ஆப்ஜெக்டிவ் ஒரு பெரிய உலோகக் கட்டி. சூட்டைச் செல்லுக்கு நேர் மேலேயே உறிஞ்சிக்கொள்கிறது. நுழைவாயிலில் 35 காட்டினாலும் செல்லின் இடத்தில் சில டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம்.

இதைப் பார்க்க எளிய வழி, தனியாக ஒரு மெல்லிய தெர்மிஸ்டரை ஆப்ஜெக்டிவ் இறங்கிய நிலையிலேயே, பெர்ஃப்யூஷன் (பாத் வழியே பாயும் கரைசல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே, செல்லின் இடத்தில் வைத்து அளப்பது. அதற்கு இடமில்லை என்றால் பைப்பெட்டையே வெப்பமானியாகப் பயன்படுத்தலாம். உப்புக் கரைசலின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். 22 டிகிரியில் 5 மெகா ஓம் காட்டும் திறந்த பைப்பெட், 32 டிகிரியில் சுமார் 4.1 மெகா ஓம் காட்ட வேண்டும். முனை உடையாமல், அடைக்காமல் பார்த்துக்கொண்டு, தெர்மிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை அளவீட்டு வளைவு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தப் பைப்பெட், செல் இருக்கும் அதே சில மைக்ரோமீட்டர் இடத்தின் சூட்டைச் சொல்லும்.

பெர்ஃப்யூஷன் வேகத்தை மாற்றினால் பாத்தின் சூடும் மாறும். மருந்துக் கரைசலுக்கு மாறும்போது ஓட்டம் கூடினாலோ குறைந்தாலோ, மருந்தின் விளைவு என்று நீங்கள் குறித்துக்கொள்வது இரண்டு டிகிரி வித்தியாசமாக இருக்கலாம். எனவே வெப்பநிலையை ஒரு தனிச் சேனலில், மின்னோட்டத்தோடு சேர்த்து எப்போதும் பதிவு செய்யுங்கள். இது ஒன்றைச் செய்தாலே கீழே வரும் அறிகுறிகளில் பாதியை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம்.

அறிகுறி: ஒரே செல் வகை, ஒரே கரைசல், கால மாறிலி மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது

கால மாறிலி என்பது மின்னோட்டம் எழவோ தணியவோ எடுக்கும் நேரத்தின் அளவு. ஹீட்டர் இல்லாமல் அறை வெப்பநிலையில் பதிவு செய்பவர்களுக்கு இந்த அறிகுறி அடிக்கடி வரும். கியூ10 3 இருக்கும் ஒரு கதவு, ஒரு டிகிரிக்கு சுமார் 12 சதவீதம் வேகம் மாறும். இரண்டு டிகிரிக்கு 25 சதவீதம். சென்னையில் ஏசி ஓடும் காலை நேரத்து அறையும், ஏசி நின்றுபோன மே மாத மதியத்து அறையும் ஒரே "அறை வெப்பநிலை" அல்ல. ஆய்வுக்கூடம் எங்கே இருந்தாலும், நுண்ணோக்கியின் விளக்கும் ஃபாரடே கூண்டுக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டிகளும் நாள் முழுக்கச் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகும்.

சோதிக்க: பழைய பதிவுகளின் கால மாறிலியை நாளின் நேரத்துக்கு எதிராக வரையுங்கள். காலையில் நீண்டும் மாலையில் குறைந்தும் வந்தால் செல்லைத் திட்ட வேண்டாம். கட்டுப்பாட்டுச் செல்களைக் காலையிலும் மருந்து கொடுத்த செல்களை மதியத்திலும் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால் அதை உடனே கலைத்துவிடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சரிசெய்ய: பாத்தை ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பிடித்து வையுங்கள். சூடாக்க விருப்பமில்லை என்றால் 24 டிகிரியில் நிறுத்தினாலும் போதும். அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கட்டுரையில் "அறை வெப்பநிலை, 20–25 டிகிரி" என்று எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று நினைக்கிறேன். கியூ10 3 என்றால் அந்த ஐந்து டிகிரி இடைவெளிக்குள் வேகம் 1.7 மடங்கு வேறுபடும். அதைப் படித்துவிட்டு உங்கள் எண்ணைத் திரும்பப் பெற முயலும் இன்னொருவருக்கு அந்த வரி எந்த உதவியும் செய்யாது.

அறிகுறி: சூடாக்கியதும் சோடியம் மின்னோட்டம் பெரிதாகிறது, ஆனால் ஐ-வி (மின்னோட்டம்–மின்னழுத்தம்) வளைவு கோணலாகிறது

மின்னோட்டம் சட்டென்று எழும்பிக் குதிப்பது, தொடங்கும் முன் ஒரு தயக்கம், எதிர்மறைச் சரிவு ஓரிரு படிகளில் முடிந்துவிடுவது. இவை தெரிந்தால், சூட்டில் சேனலின் ஆக்டிவேஷன் (எந்த மின்னழுத்தத்தில் திறக்கிறது என்பது) இடம் மாறிவிட்டது என்று எழுத அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தொடர் மின்தடையின், அதாவது பைப்பெட்டிலிருந்து செல்லுக்குள் போகும் வழியின் மின்தடையின், வேலை அது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். தொடர் மின்தடை 10 மெகா ஓம், செல்லின் மின்தேக்கம் 20 பிக்கோஃபாரட், 22 டிகிரியில் உச்ச மின்னோட்டம் 4 நானோ ஆம்பியர். ஈடுசெய்யாவிட்டால் மின்னழுத்தப் பிழை 40 மில்லிவோல்ட். 80 சதவீதம் ஈடுசெய்தால் 8 மில்லிவோல்ட், ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். 35 டிகிரிக்குப் போனால், கியூ10 1.4 என்று வைத்தாலும் உச்சம் 6.2 நானோ ஆம்பியரைத் தொடும். பிழை 12 மில்லிவோல்ட்டைத் தாண்டும். ஆக்டிவேஷன் வளைவு செங்குத்தாக இருக்கும் பகுதியில் 12 மில்லிவோல்ட் என்பது எல்லாவற்றையும் கெடுக்கப் போதும்.

வேகத்தின் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 10 மெகா ஓமையும் 20 பிக்கோஃபாரடையும் பெருக்கினால் 200 மைக்ரோ நொடி. அதாவது ஈடுசெய்யாத நிலையில் செல்லும் பைப்பெட்டும் சேர்ந்து சுமார் 800 ஹெர்ட்ஸ் வடிகட்டியாக நிற்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் 10 கிலோ ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அறை வெப்பநிலையில் அரை மில்லி நொடியில் எழும் மின்னோட்டம், கியூ10 3 என்றால் 35 டிகிரியில் 120 மைக்ரோ நொடியில் எழ வேண்டும். நீங்கள் பார்ப்பது சேனலின் வேகத்தை இல்லை, கிளாம்பின் வேகத்தை.

எப்படி உறுதி செய்வது? என் அனுபவத்தில் நம்பகமான சோதனை இதுதான்: சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்சினைக் குறைந்த அளவில் கொடுத்து மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். முன்பு எடுத்த பதிவையும் இப்போது எடுத்த பதிவையும் உச்சத்துக்குச் சமப்படுத்தி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். வடிவம் ஒன்றாக இருந்தால் கிளாம்ப் சரி. குறைந்த மின்னோட்டத்தில் வடிவம் மாறினால், முதல் பதிவில் இருந்தது கருவியின் பிழை. இந்தச் சோதனையை 22-இல் செய்து தேறிவிட்டோம் என்று 35-இல் விட்டுவிடக் கூடாது. வேலை செய்யும் வெப்பநிலையில் மறுபடி செய்ய வேண்டும்.

சரிசெய்ய: வெளிச் சோடியத்தைக் குறைத்து மின்னோட்டத்தைச் சிறிதாக்குங்கள், அகல வாய்ப் பைப்பெட்டுக்குப் போங்கள், சிறிய செல்களைத் தேர்ந்தெடுங்கள், சேனலைச் செல்லில் குறைவாக வெளிப்படுத்துங்கள். சூட்டோடு தொடர் மின்தடையும் கொஞ்சம் குறையும் என்பதால், 22-இல் அமைத்த ஈடுசெய்தலை 35-இல் அப்படியே விட்டால் அளவுக்கு மீறி ஈடுசெய்து ஆம்ப்ளிஃபயர் ஊளையிடும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் புதிதாக அமையுங்கள்.

அறிகுறி: 37-இல் ஸ்பைக் சிறுத்துவிட்டது, குறுகிவிட்டது

ஸ்பைக் என்பது நரம்புச் செல் சுடும்போது எழும் மின் துடிப்பு. அது இப்படி மாறுவதில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். ஹாட்ஜ்கினும் காட்ஸும் 1949-இல் கணவாயின் ராட்சத ஆக்சானைச் சூடாக்கிப் பார்த்தபோதே, சூடு கூடக் கூட ஸ்பைக் குறுகி, உயரம் குறைந்து, ஒரு கட்டத்தில் முற்றிலும் நின்றுபோவதைக் கண்டார்கள். சோடியம் சேனல் திறந்து மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இனாக்டிவேஷனும் (திறந்த சேனல் தானே அடைபடுவதும்) பொட்டாசியம் சேனலும் அதன் காலை இழுத்துவிடுகின்றன. கதவுகள் ஐந்து மடங்கு வேகமாகிவிட்டன. சவ்வின் மின்தேக்கத்தை நிரப்பும் மின்னோட்டமோ ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. அந்த இடைவெளிதான் ஸ்பைக்கின் உயரத்தைத் தின்கிறது. மயலின் உறை சிதைந்த நரம்புகளில் உடல் சூடு சற்றுக் கூடினாலே கடத்தல் தடைபடுவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு பார்வை மங்குவது அதனால்தான்.

ஆனாலும் கருவியை ஒருமுறை பாருங்கள். கரண்ட் கிளாம்பில் (மின்னோட்டத்தைப் பிடித்துவைத்து மின்னழுத்தத்தை அளக்கும் முறையில்) பைப்பெட்டின் மின்தேக்கத்தை ஈடுசெய்யாமல் விட்டால், குறுகிய ஸ்பைக்கின் உச்சி வெட்டப்படும். பாத்தில் கரைசலின் மட்டம் ஏறினால் பைப்பெட்டின் மின்தேக்கமும் ஏறும். மாதிரி எடுக்கும் வேகம் 10 கிலோ ஹெர்ட்ஸாக இருந்தால் குறைந்தது 50-க்கு உயர்த்துங்கள்.

அறிகுறி: சூடேற ஏற ஓய்வு மின்னழுத்தம் நகர்கிறது

"நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வெப்பநிலை இருக்கிறது அல்லவா, அதுதான்" என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். சவ்வின் இருபுறமும் உள்ள அயனிச் செறிவிலிருந்து சமநிலை மின்னழுத்தத்தைத் தரும் சமன்பாடு அது. கணக்கைப் போட்டால் அந்த விளக்கம் போதாது. வெளியே 3, உள்ளே 140 மில்லிமோலார் பொட்டாசியம் என்றால், 22 டிகிரியில் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் சுமார் மைனஸ் 98 மில்லிவோல்ட். 37 டிகிரியில் சுமார் மைனஸ் 103. பதினைந்து டிகிரிக்கு ஐந்து மில்லிவோல்ட்தான். அதைவிட அதிகமாக நகர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் கருவியின் பக்கம். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையின் மின்னழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. பைப்பெட்டுக்குள் இருக்கும் கம்பி குளிர்ந்த காற்றில், தரைமின்முனை சூடான பாத்தில் என்றால், இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்யாது. பத்து டிகிரி வித்தியாசத்தில் சில மில்லிவோல்ட் வரை நகரும். சோதனை எளிது: செல் இல்லாமல், திறந்த பைப்பெட்டைப் பாத்தில் வைத்துக்கொண்டு அதே சூடேற்றத்தை ஒருமுறை ஓட்டுங்கள். அப்போது நகர்வது முழுக்க மின்முனையின் நகர்வு. தரைமின்முனையை அகர் பாலம் (உப்புக் கரைசல் கலந்த அகர் ஜெல் நிரப்பிய குழாய்) வழியே பாத்துக்கு வெளியே, நிலையான வெப்பநிலையில் வைத்தால் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது பிஎச். இதை மறப்பவர்கள் அதிகம். ஹெப்பீஸ் தாங்கல் கரைசலின் பிகேஏ (அது எந்த பிஎச்சைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) டிகிரிக்குச் சுமார் 0.014 குறையும். 22 டிகிரியில் 7.4 என்று சரிசெய்த கரைசல் 37 டிகிரியில் 7.2-ஐ ஒட்டி இருக்கும். டிரிஸ் இன்னும் மோசம். அதன் மாற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. அமில உணர்வுச் சேனல்களையோ, பிஎச்சுக்குப் பதில் கொடுக்கும் டாஸ்க் வகைப் பொட்டாசியம் சேனல்களையோ வைத்து வேலை செய்பவர்களுக்கு இது வெப்பநிலை விளைவாகவே தோன்றும். கரைசலை வேலை செய்யும் சூட்டில் வைத்து, பிஎச் மீட்டரையும் அதே சூட்டில் அளவுதிருத்தி, அப்புறம் 7.4-க்குக் கொண்டுவாருங்கள். பைகார்பனேட் கரைசலில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் வாயுக் கலவை கரைசலை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் தேறிய பிறகும் செல் மைனஸ் பக்கம் போனால், அது செல்லின் நிஜமான நடத்தைதான். சோடியம்–பொட்டாசியம் பம்ப் சூட்டில் வேகமெடுக்கிறது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நேர்மின்சுமையை நிகரமாக வெளியே தள்ளுவதால் சவ்வு மேலும் மைனஸ் ஆகும். ட்ரெக்-1 என்ற இருதுளைப் பொட்டாசியம் சேனல் 10 டிகிரிக்கு ஏறக்குறைய 7 மடங்கு கூடுதலாகத் திறக்கும். ஒரு நுணுக்கம்: சவ்வுத் துண்டைச் செல்லிலிருந்து பிய்த்தெடுத்தால் ட்ரெக்-1 சூட்டுக்குக் காட்டும் பதில் போய்விடும். ஆகவே முழுச் செல்லில் தெரிந்த விளைவு பிய்த்த துண்டில் தெரியவில்லை என்றால் சேனலைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டோம் என்று முடிவுகட்ட வேண்டாம். பம்பா சேனலா என்று பிரிக்க, பம்பை அடைக்கும் ஒவாபெயின் கொடுத்துப் பாருங்கள். பம்பின் பங்கு சட்டென்று மறையும்.

அறிகுறி: பதிவின் அடிக்கோடு அலைகிறது, சீல் நிற்கவில்லை

இது பெரும்பாலும் பிளம்பிங் வேலை. குளிர்ந்த கரைசலில் கரைந்திருக்கும் வாயு சூடானதும் குமிழியாக வெளியே வரும். குமிழி குழாயில் மாட்டினால் ஓட்டம் நிற்கும், பாத்தில் வந்தால் மட்டம் ஆடும், பைப்பெட்டைத் தொட்டால் செல் போய்விடும். கரைசலைச் சேமிப்புப் புட்டியிலேயே வேலை செய்யும் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வைத்தால் குமிழி அங்கேயே வெளியேறிவிடும். ஹீட்டருக்குப் பிறகு ஒரு குமிழிப் பொறியும் வையுங்கள்.

பைப்பெட் மெல்ல நகர்ந்தால், உலோகம் சூட்டில் விரிவதுதான் காரணம். சூடேற்றியவுடன் சீல் போடாமல், பாத்தும் மேடையும் ஆப்ஜெக்டிவும் சமநிலைக்கு வரும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். இரைச்சல் என்றால் ஹீட்டரின் மின்சாரத்தை ஒரு நொடி அணைத்துப் பாருங்கள். இரைச்சல் உடனே போனால் குற்றவாளி அதுதான்: நேர்மின்சாரத்தில் ஓடும் ஹீட்டருக்கு மாறுங்கள், அல்லது ஒவ்வொரு பதிவின்போதும் ஹீட்டர் தானாக அணையும்படி இணையுங்கள். நல்ல பாத் இரண்டு மூன்று நொடிக்குள் கண்டுகொள்ளும்படி ஆறாது.

சூட்டில் சீல் சீக்கிரம் போவதை மட்டும் முழுக்கச் சரிசெய்ய முடியாது. அறை வெப்பநிலையில் சீல் போட்டு, முழுச் செல் நிலைக்குப் போன பிறகு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி என மெதுவாக ஏற்றுவதே நல்லது.

அறிகுறி: கட்டுப்பாட்டுக் கரைசலைத் தெளித்தாலும், வெறும் ஒளியைப் பாய்ச்சினாலும் செல் பதில் கொடுக்கிறது

தெளிப்புப் பைப்பெட்டில் இருக்கும் கரைசல் அறைச் சூட்டில் இருக்கிறது, பாத் 35-இல். தெளிக்கும் ஒவ்வொரு முறையும் செல்லின் மேல் ஒரு குளிர் அலை அடிக்கிறது. குளிரையும் மெந்தாலையும் உணரும் டிஆர்பிஎம்8 சேனல் இருக்கும் உணர்வு நரம்புச் செல் அதற்கே சுடும், மெந்தால் தேவையில்லை. சாதாரணச் செல்லிலும் பொட்டாசியம் கசிவு குறைந்து சவ்வின் மின்னழுத்தம் ஏறும். தெளிப்புக் கரைசலையும் சூடாக்குங்கள். முடியாவிட்டால், திறந்த பைப்பெட்டின் மின்தடையைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை தெளித்து, எத்தனை டிகிரி சரிகிறது என்று அளந்து எழுதுங்கள்.

ஒளிக்கும் இதே கதை. ஒளியால் செல்லை இயக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் சோதனையில் ஒப்சின் (ஒளியை உணரும் புரதம்) இல்லாத விலங்கிலும் ஒளி நரம்புச் செல்களின் சுடுதலை மாற்றக்கூடும். 2019-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, மூளையின் ஸ்ட்ரையாட்டத்தில் ஒளி தரும் சிறு சூடே உள்நோக்கித் திருத்தும் பொட்டாசியம் கடத்துதிறனைக் கூட்டி, நடுத்தர முள் நியூரான்களை அடக்குவதைக் காட்டியது. ஒப்சின் இல்லாத கட்டுப்பாட்டுக் குழு ஒரு சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அகச்சிவப்புத் துடிப்பாக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு: வேகமான சூடேற்றம் சவ்வின் மின்தேக்கத்தையே கூட்டுகிறது. எந்தச் சேனலும் திறக்காமலேயே ஒரு மின்னோட்டம் தெரியும். சேனல்களை எல்லாம் அடைத்த பிறகும் அது மிஞ்சினால் காரணம் மின்தேக்கம்தான்.

அறிகுறி: நோய்க்குக் காரணமான சடுதி மாற்றம், அறை வெப்பநிலையில் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை

மரபணு ஆய்வு இதுதான் என்று கைகாட்டுகிறது, பதிவில் சேனல் இயல்பாகத் தெரிகிறது. முடிவை எழுதும் முன் சூடாக்குங்கள். புருகாடா என்ற இதயத் துடிப்பு நோய்க்குறியில், இதயச் சோடியம் சேனலுக்கான எஸ்சிஎன்5ஏ மரபணுவின் டி1620எம் மாற்றம் இதற்குச் சரியான உதாரணம். 1999-இல் அதை 32 டிகிரியில் பதிவு செய்தபோதுதான், சோடியம் மின்னோட்டம் இயல்பானதைவிட வேகமாக வடிந்துபோவது தெரிந்தது. அறை வெப்பநிலையில் அந்தக் குறை மறைந்தே இருந்தது. காய்ச்சல் வரும்போது புருகாடா நோயாளிகளின் இசிஜி மாற்றம் வெளிப்படுவதும், இதயத் துடிப்புக் கோளாறு அபாயம் கூடுவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தது. இத்தகைய நோய்களில் 22 டிகிரியில் மட்டும் பதிவு செய்துவிட்டு "தீங்கற்ற மாற்றம்" என்று எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாராமயோட்டோனியா கன்ஜெனிட்டா என்ற தசை நோயில் எஸ்சிஎன்4ஏ சோடியம் சேனலின் குறை குளிரில்தான் வெளிப்படுகிறது. குளிர்ந்த காற்றில் தசை இறுகிவிடும். அங்கே பாத்தைக் குளிர்விக்க வேண்டும். நோயாளிக்கு எப்போது அறிகுறி வருகிறது என்று கேட்டுவிட்டு, அந்த வெப்பநிலையில் பதிவு செய்யுங்கள்.

அறிகுறி: செல் ஆரோக்கியமாக இருக்கிறது, மின்னோட்டமே இல்லை

இங்கே கோளாறு பதிவுக் கருவிகளில் இல்லாமல், செல் வளரும் இன்குபேட்டரில் இருக்கலாம். சில மாற்றமடைந்த சேனல்கள் 37 டிகிரியில் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே அழிக்கப்படுகின்றன. சவ்வுக்கு வந்து சேர்வதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு மிக அதிகமாகக் காரணமாகும் சிஎஃப்டிஆர் மாற்றத்தில் 508-ஆவது இடத்து ஃபினைல்அலனின் இருக்காது. அந்தச் செல்களைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தால் சேனல் சவ்வுக்கு வந்து குளோரைடைக் கடத்துகிறது என்று 1992-இல் காட்டினார்கள். இதயத்தின் பொட்டாசியம் சேனலான ஹெர்க்கின் சில மாற்றங்களும் இப்படியே மீள்கின்றன. செல்களை 27 முதல் 30 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்துப் பாருங்கள். மின்னோட்டம் வந்தால் சிக்கல் கதவில் இல்லை, சவ்வுக்கு வந்து சேரும் வழியில்.

அறிகுறி: மருந்தின் பாதி-அடைப்பு அளவு மற்றவர்களின் எண்ணோடு ஒத்துவரவில்லை

வெப்பநிலையைக் கேளுங்கள். ஹெர்க் சேனலை எரித்ரோமைசின் அடைப்பது அறை வெப்பநிலையைவிட உடல் வெப்பநிலையை ஒட்டி வலுவாகத் தெரிகிறது. சேனல் திறந்திருக்கும் நேரமும் மருந்து ஏறி இறங்கும் வேகமும் சூட்டோடு மாறுவதால், ஒரே மருந்துக்கு ஒரே எண் இருக்க வாய்ப்பில்லை. 2022-இல் வந்த, மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் வழிகாட்டுதலின் கேள்வி-பதில் பகுதி, ஹெர்க் சோதனைக்கு 35 முதல் 37 டிகிரியைப் பரிந்துரைப்பது இதனால்தான். எல்லா மருந்துக்கும் ஒரே திருத்தக் காரணியால் பெருக்கிச் சமாளிக்க நினைப்பது பயன் தராது. சில மருந்துகள் அசையவே அசையாது, சில பல மடங்கு மாறும்.

அறிகுறி: கியூ10 மதிப்பு 6, 8 என்று வருகிறது, அல்லது கணினி மாதிரி நியூரான் 37-இல் சுடவே இல்லை

முதலாவது பெரும்பாலும் கணக்கின் கோளாறு. 22-இலும் 25-இலும் மட்டும் அளந்துவிட்டுக் கியூ10 கணக்கிட்டால், வேகங்களின் விகிதத்தை 10/3 என்ற அடுக்குக்கு உயர்த்துகிறீர்கள். விகிதத்தில் 10 சதவீதப் பிழை கியூ10-இல் 37 சதவீதமாக வீங்கும். குறைந்தது 10 டிகிரி இடைவெளியில், நடுவில் சில புள்ளிகளோடு, ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து, வேகத்தின் மடக்கையைத் தனிவெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வளைந்தால் அங்கே ஒரே கியூ10 என்று எதுவும் இல்லை. எந்த வெப்பநிலைப் பகுதிக்கு எந்த மதிப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். இறங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் சேனல் தேய்ந்துபோயிருக்கிறது, அல்லது டிஆர்பிவி1 மாதிரி முந்தைய சூட்டின் தடத்தை வைத்திருக்கிறது. இவ்வளவும் தேறிய பிறகும் மதிப்பு உயரமாகவே நின்றால் நம்புங்கள்; மின்னழுத்தத்தால் திறக்கும் புரோட்டான் சேனலின் கதவுக்கு அந்த அளவு கியூ10 இயல்பானது.

இரண்டாவது, மாதிரி உருவாக்குபவர்களுக்கு. ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகள் 1952-இல் கணவாய் ஆக்சானுக்கு, 6.3 டிகிரிக்கு எழுதப்பட்டவை. நரம்புச் செல்லைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் நியூரான் என்ற மென்பொருளின் இயல்பு வெப்பநிலையும் அதனால்தான் 6.3. அதை 37 என்று மாற்றினால் வேகங்கள் 29 மடங்காகும். முன்பு பார்த்த அதே காரணத்தால் ஸ்பைக் காணாமல் போகும். மென்பொருளில் பிழை இல்லை. அந்த ஆக்சான் அந்தச் சூட்டில் வாழ்ந்ததே இல்லை.

விலங்குகள் தங்கள் சூட்டுக்கு ஏற்பச் சேனலையே திருத்திக்கொள்கின்றன. அண்டார்க்டிக் ஆக்டோபஸின் ஒரு பொட்டாசியம் சேனல் மரபணு, வெப்பக் கடல் ஆக்டோபஸின் மரபணுவோடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்என்ஏ திருத்தத்தில் ஒரு ஐசோலூசின் வேலினாக மாறி, குளிரிலும் சேனல் வேகமாக மூடும்படி ஆக்குகிறது என்று 2012-இல் கண்டார்கள். கணவாயின் எண்களைப் பெருக்கிப் பாலூட்டியின் நியூரானை உருவாக்க முடியாது. பாலூட்டியின் அளவீடுகளே வேண்டும்.

அந்த அளவீடுகளைச் சேர்க்கும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். 22 டிகிரியில் எடுத்த கால மாறிலிகளுக்கு அடிப்படை வெப்பநிலை 6.3 என்றே கோப்பில் விடப்பட்டிருந்தால், எல்லாக் கதவுகளும் 5.6 மடங்கு வேகமாக ஓடும். சில சேனல் கோப்புகளில் வெப்பநிலைத் திருத்தமே இருக்காது. வெப்பநிலையை என்ன வைத்தாலும் அவை அசையாது, பக்கத்துச் சேனல் மட்டும் ஓடும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து வேகத்துக்கும் கடத்துதிறனுக்கும் தனித்தனிக் கியூ10 இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, முழு நியூரானை ஓட்டும் முன், ஒவ்வொரு சேனலையும் தரவு எடுத்த அதே வெப்பநிலையில் தனியாக மின்னழுத்தக் கிளாம்பில் ஓட்டி, மூலப் பதிவின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தாதது 37-இலும் பொருந்தாது.